வாடகை அறையில் பிள்ளைக்கு ஒரு மூலை

களனியில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறை. நீளம் 12 அடி, அகலம் 10 அடி. அதற்குள் தாய், தகப்பன், அப்பம்மா, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரு மூலையிலே சமையல், மறுபக்கத்திலே கட்டில், கட்டிலின் கீழே பெட்டிகள். வலிகாமம் வடக்கிலே செம்மண் தோட்டம் செய்த குடும்பம் அது. 1990 ஆம் ஆண்டு ஊரை விட்டு வெளிக்கிட்டபோது இன்றைய தகப்பனுக்கு வயது ஏழு. அவருடைய பிள்ளைகள் இருவரும் கொழும்பிலே பிறந்தவர்கள். மூத்தவளுக்கு எட்டு வயது. கையில் எது அகப்பட்டாலும் அதைக் கொண்டு எதையாவது கீறுகிற பிள்ளை.

நாம் அங்கு போயிருந்த அன்று கட்டிலுக்குப் பின்னால் சுவரிலே ஒரு பசுமாடு, ஒரு கிணறு, கிணற்றுக்குள்ளே நிற்கும் ஒரு பஸ் ஆகியன இருந்தன. எல்லாம் கரித்துண்டால் கீறியவை. தாய் பழந்துணியை நனைத்து அவற்றை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பு இருந்த அறையை விட்டு வெளிக்கிடும்போது இப்படியான கீறல்களுக்காகச் சுவருக்குப் பூச்சுப் பூசும் செலவு முற்பணத்திலே கழிக்கப்பட்டதாம். "இனிச் சுவரிலை கை வைச்சியெண்டால் கொப்பரிட்டைச் சொல்லுவன்" என்று பிள்ளையை அதட்டிவிட்டு எம்மிடம் திரும்பி, "என்ன செய்யிறது, எங்கட சுவரே?" என்றார். மூலையிலே இருந்த அப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாம் வெளிக்கிடும்போது படலையடிக்கு வந்து, "சுவர் எண்டால் சுவர்தான். ஆனால் பிள்ளை இப்ப கீறுறதையே விட்டிட்டுது" என்று மெல்லச் சொன்னார்.

அந்தச் சொல் எம்மோடு கூடவே வந்தது. முற்பணத்தைக் காக்க நினைக்கும் தாயைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை கீறாமல் விட்டதையும் ஒரு பொருட்டில்லை என்று விட்டுவிட முடியாது. ஆகவே அதன் பின்னர் சில சனிக்கிழமைகளில் அந்தக் குடும்பத்தோடும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் இதேபோன்று ஒற்றை அறையில் இருக்கும் வேறு சில குடும்பங்களோடும் இருந்து நாம் செய்து பார்த்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

பெரிய சஞ்சிகைகளிலே பிள்ளையின் படுக்கையறையை அலங்கரிக்கும் விதம்பற்றி வழுவழுப்பான படங்களோடு கட்டுரைகள் வருவதுண்டு. தனியறை, தனிக்கட்டில், விரும்பிய நிறத்திலே சுவர். எமது வாசகர்களில் பெரும்பாலானோருக்குத் தனியறை இல்லை. இருக்கிற அறையும் சொந்தமில்லை. எப்போது வெளிக்கிட வேண்டி வரும் என்பதும் தெரியாது. அத்துடன் களனி கங்கையின் கரையில் இருப்பவர்கள் வெள்ளத்தையும் நினைக்க வேண்டும். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் கடைசியில் வந்த 'டித்வா' புயலின்போதும் கங்கை பெருகி எத்தனையோ வீடுகளில் இடுப்பளவுக்கும் மேலே தண்ணீர் நின்றதை மறக்க முடியாது. ஆகவே நாம் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம். சுவரிலே ஒன்றும் ஒட்டுவதில்லை, ஒன்றும் பூசுவதில்லை. செய்கிற எல்லாவற்றையும் கால்மணி நேரத்தில் கழற்றிச் சுருட்டித் தோளிலே வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு. சுவரிலே கீறுவது தன்னளவிலே பிழை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். களனி விகாரைக்குப் போய்ப் பாருங்கள்: புதிய மண்டபத்தின் சுவர் முழுவதும் சோலியஸ் மென்டிஸ் என்ற ஓவியர் பல வருடங்களாக இருந்து தீட்டிய படங்கள். பாடசாலைப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கூட்டிவந்து காட்டுகிறார்கள். அவருக்குச் சுவர் கொடுக்கப்பட்டது, எமது பிள்ளைக்குக் கொடுக்கப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

முதலில் சுவருக்குப் பதிலாக ஒரு பாய் வேண்டும். பன்பாயோ பனையோலைப் பாயோ எதுவானாலும் சரி. ஓரம் கிழிந்த பழைய பாயும் போதும்; கிழிந்த பக்கத்தைக் கீழே விடலாம். பாயின் ஒடுங்கிய ஓரத்தை ஒரு மூங்கில் தடியிலே தும்புக் கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டுங்கள். தடியின் இரு நுனியிலும் கயிறு போட்டு யன்னல் கம்பியிலோ, ஏற்கெனவே இருக்கும் கொடிக்கயிற்று ஆணியிலோ, வளையிலோ தொங்கவிடுங்கள். ஆணி இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு இரண்டே இரண்டு ஆணி அடியுங்கள். களனிக் குடும்பத்துக்கு வீட்டுக்கார நோனா தாமே இரண்டு ஆணி கொண்டுவந்து கொடுத்தார். கேட்டால் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கூரையோ தட்டியோ அசுபெஸ்தோஸ் தகடாக இருந்தால் அதிலே ஆணி அடிக்கவும் துளைக்கவும் கூடாது. அதிலிருந்து பறக்கும் நுண்ணிய தூள் நெஞ்சுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாகவும் வரக்கூடும்.

பாய்க்கும் சுவருக்கும் இடையில் ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். தடியின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு சிரட்டைத் துண்டைக் கட்டிவிட்டால் பாய் சுவரிலே ஒட்டாது. இல்லாவிட்டால் களனிப் பக்கத்து ஈரத்துக்கு ஒரே மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். கிழமைக்கு ஒருமுறை வெயிலிலே போட்டு எடுப்பது நல்லது. கீழ்விளிம்பு நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே நிற்க வேண்டும்.

பாயைச் சுவரிலே தொங்கவிடுவது ஏழைகளின் ஒப்பேற்றல் என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்டிக்கு அருகே தும்பறைப் பகுதியில் நெய்யப்படும் பாய்கள் சுவர்த் தொங்கல்களாகப் பெரிய ஹொட்டல்களில் கிடக்கின்றன. மருள் இனச் செடியின் நாரை எடுத்து, பதங்கி மரத்தால் சிவப்பும் மரமஞ்சளால் மஞ்சளும் ஏற்றி, யானை, மான், பாம்பு என்று உருவங்களை நெய்வார்கள். 2021 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அந்தக் கைவினையை உலகின் மரபுச் செல்வங்களின் பட்டியலிலே சேர்த்தது.

பாய் தொங்கியதும் அதிலே குத்துவதற்கு ஊசியும் தேவையில்லை, ஆணியும் தேவையில்லை. பாயின் பின்னலுக்குள்ளே ஈர்க்கைச் செருகினால் படம் நிற்கும். கடதாசியின் மேல் ஓரத்தை ஈர்க்கிலே மடித்து ஒட்டி, ஈர்க்கின் இரு நுனியையும் பின்னலுக்குள் விடுங்கள். பிள்ளை தானே மாற்றலாம். இதுதான் முக்கியம் என்பது எமது எண்ணம். பெரியவர்கள் அழகாகச் செய்து கொடுத்துவிட்டுப் "பார், தொடாதை" என்றால் அதுவும் இன்னொருவருடைய சுவராகிவிடும். வெள்ளவத்தையில் ஒரு தகப்பனார் அப்படித்தான் செய்தார். மிகவும் நேர்த்தியான வேலை, ஒரு மயிரிழை கோணவில்லை. பிள்ளை ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒட்டுவதற்குக் கடைப்பசை வாங்கத் தேவையில்லை. ஒரு பங்கு கோதுமை மாவை முதலில் குளிர்ந்த தண்ணீரிலே கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வரும்படி சேர்த்து, கைவிடாமல் கிளறிக் காய்ச்சினால், வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல வரும்போது பசை ஆயத்தம். மரவள்ளி மாவிலும் செய்யலாம். அது இன்னும் இழுவையாக வரும். கொப்பி கட்டுகிற சிலர் பூச்சி வராமலிருக்கத் துரிசு சேர்ப்பார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது வேண்டாம், நஞ்சு. மெல்லியதாகப் பூசி வெயிலிலே நன்றாகக் காயவிட்டாலே கரப்பானும் இராமபாணப் பூச்சியும் குறையும். தடிப்பாக அப்பினால் அவற்றுக்குச் சாப்பாடு போட்டதாகத்தான் முடியும்.

வர்ணம்பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டட வேலைக்குப் போகும் தகப்பன்மார் மிஞ்சிய இனாமல் பெயின்ற்றை ரின்னோடு வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அதைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். இலங்கையில் 2013 ஜனவரி முதல் பெயின்ற்றிலும் விளையாட்டுப் பொருட்களிலும் ஈயத்தின் அளவுக்குச் சட்டப்படி எல்லை விதிக்கப்பட்டுள்ளது. அதற்கு முந்திய பழைய ரின்களையும், பழைய கதவு யன்னல்களில் உரியும் பூச்சையும் நம்ப முடியாது. ஈயம் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதன் கேடு வெளியே தெரியாமலே நடக்கும்.

எமது வீட்டிலேயே நிறங்கள் இருக்கின்றன. கரித்தூள் கறுப்பு. தேயிலைச் சாயம் மண்ணிறம். சலவை நீலம் நீலம். அதை மட்டும் பெரியவர்கள் கரைத்துக் கொடுக்க வேண்டும். மஞ்சள் அழகாகத்தான் பிடிக்கும், ஆனால் வெயில் படும் இடத்தில் சில கிழமைகளிலே வெளுத்துவிடும், பீற்றூட்டும் அப்படியே. செங்கல்லைத் தட்டி அரித்த தூள் வெளுக்காது. செம்மண்ணும் வெளுக்காது. அதன் சிவப்பு இரும்பிலிருந்து வருவது, துருவைப் போன்றது, வெயிலுக்கு மாறாது.

செம்மண் என்று நாம் சொன்னதும் அப்பம்மா எழுந்துபோய்க் கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தார். ஒரு பால்மா ரின்னுக்குள்ளே மண் இருந்தது. வலிகாமம் வடக்கிலே காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது மகனோடு ஒருமுறை போனவராம். அவர்களுடைய காணி வேலிக்கு அந்தப் பக்கமே இருந்துவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கத்து மண்ணிலே இரண்டு கை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். "என்னத்துக்கெண்டு தெரியாமல்தான் கொண்டந்தனான்" என்றார்.

மண்ணிலே வர்ணம் செய்யும் விதம் இது. மண்ணைத் தண்ணீரிலே கரைத்து ஒரு நிமிடம் விடுங்கள். கல்லும் மணலும் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரைப் பழஞ்சேலைத் துணியால் வடித்து இன்னொரு பாத்திரத்திலே ஓரிரவு வையுங்கள். காலையில் தெளிந்த தண்ணீரைச் சரித்து ஊற்றினால் அடியிலே வெண்ணெய் போல மிருதுவான மண் கிடக்கும். அதிலே மூன்று பங்குக்கு ஒரு பங்கு மேற்சொன்ன பசையைச் சேர்த்தால் தூரிகையால் பூசலாம். தூரிகை இல்லையா, ஈர்க்கின் நுனியைத் தட்டி நசித்தால் போதும். தென்னம் பாளையின் காம்பும் உதவும்.

இரண்டு கை மண் ஒரு படத்துக்குத் தாராளம். என்ன படம் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. அப்பம்மா சொல்ல, தகப்பன் திருத்த, பிள்ளை கீறினாள். ஒரு காணியின் படம். எங்கே கிணறு, எங்கே துலா, தண்ணீர் எந்த வாய்க்காலாலே எந்தப் பாத்திக்குப் போகும், வெங்காயம் எந்தப் பக்கம், புகையிலை எந்தப் பக்கம், போறணை எங்கே, பனைகள் எத்தனை. தகப்பனுக்கும் பாதி நினைவில் இல்லை. ஏழு வயதிலே வெளிக்கிட்டவர் அல்லவா! "இந்த வாய்க்கால் இப்படி இல்லையணை" என்று அவர் சொல்ல, "நீ அப்ப தண்ணி மாறினனியே?" என்று தாயார் கேட்க, ஒரு மத்தியானம் போனதே தெரியவில்லை. துலா என்றால் என்னவென்று பிள்ளைக்கு விளக்குவதற்கு விளக்குமாற்றுத் தடியையும் வாளியையும் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. அது தெரியாமல்தான் அவள் முன்பு கிணற்றைத் தண்ணீர்த் தாங்கி போலக் கீறியிருக்கிறாள்.

கடதாசிக்குச் சீமெந்துப் பையைப் பயன்படுத்தினோம். அதிலே பல மடிப்புகள் இருக்கும். சீமெந்து பட்ட உள்மடிப்பை எறிந்துவிட்டு மற்றதை எடுங்கள். இதை வெளியிலே வைத்துப் பெரியவர்களே செய்ய வேண்டும். சீமெந்துத் தூள் கண்ணையும் தோலையும் எரிக்கும். கடதாசியின் பின்பக்கம் முழுவதும் பசை பூசிப் பழஞ்சேலைத் துண்டிலே ஒட்டிக் காயவிட்டு, அதன் பிறகே கீற வேண்டும். அந்தக் காலப் பாடசாலைத் தேசப்படங்கள் துணியிலே ஒட்டப்பட்டிருந்தது எமக்கு நினைவிருக்கும். நூறு தரம் சுருட்டினாலும் கிழியாது. மண் வர்ணத்தை மெல்லியதாகப் பூசுங்கள். சுருட்டும்போது படம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வர்ணம் நெரிந்து உதிரும். ஓவியச்சாலைகளிலும் பெரிய படங்களை இப்படித்தான் சுருட்டுகிறார்கள்.

இதையெல்லாம் செய்கிறபோது, சோற்றுக்கும் வாடகைக்கும் வழி தேடுகிற நேரத்திலே இது ஒரு பெரிய காரியமா என்று ஒரு தாய் எம்மைக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1942 ஆம் ஆண்டு டிசம்பரிலே செக் நாட்டின் தெரேசின் என்ற இடத்துக்கு, நாசிகள் யூதரை அடைத்து வைத்த அந்த ஊருக்கு, பிரிடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர் கொண்டுசெல்லப்பட்டார். கொண்டுபோக அனுமதித்த சொற்ப சாமானுக்குள் அவர் கடதாசியும் வர்ணமும் வைத்திருந்தார். அங்கே ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் நெருங்கிக் கிடந்த பிள்ளைகளுக்குச் சித்திரம் பழக்கினார். 1944 ஒக்டோபரிலே அவர் அவுஸ்விற்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகளில் மிகப் பலரும் அவ்வாறே. அவர் இரண்டு பெட்டிகளிலே விட்டுச்சென்ற ஏறத்தாழ 4,500 படங்கள் தப்பின. ஒவ்வொன்றிலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பது அவருடைய கட்டளை. உங்கள் பிள்ளைகளையும் பெயரும் திகதியும் எழுதப் பழக்குங்கள்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. மட்டக்களப்பிலே 1996 ஆம் ஆண்டு யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். யுத்தத்திலே பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். பிள்ளைகளின் விளையாட்டும் கலையும் உரிமை என்று 1989 இல் ஐக்கிய நாடுகளின் சாசனம் கூறியது. இலங்கை 1991 இல் அதை ஏற்றது. சாசனத்தில் எழுதிவிட்டால் இடம் வந்துவிடாது. 10 அடி அறையிலே மூன்றடியை யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த மூன்றடிக்கு ஒரு மறைப்புத் தேவை. பழஞ்சேலையை நீளவாக்கிலே இரண்டாக மடித்து, மடிப்புக்குள் கயிற்றை ஓட்டிக் கட்டினால் திரை ஆயிற்று. அதன் உள்பக்கத்திலே பைகள் தையுங்கள். அப்பியாசக் கொப்பி நுழையும் அளவிலே நாலு பை, பென்சிலுக்கு ஒடுக்கமாக நாலு, கல்லு, இறகு, போத்தல் மூடி முதலான பிள்ளையின் திரவியங்களுக்கு நாலு. அலுமாரி வாங்குவதை விட இது மேல். வெளிக்கிடும் நாளில் கொப்பியும் பென்சிலும் உள்ளே இருக்கவே சுருட்டலாம்.

பைகளுக்குத் துணி வாங்க வேண்டியதில்லை. களனிக்கு அடுத்த பியகமையிலே 1980களின் நடுப்பகுதியில் ஏற்றுமதி வலயம் வந்தது முதல் ஆடைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துணி நிறையில் விற்பனைக்கு வருகிறது. தையற்கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். பனியன் துணி போல இழுபடும் துணியை ஒரு பக்கமும், இழுபடாத துணியை ஒரு பக்கமும் பிரித்து வையுங்கள். இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சுருங்கிக் கோணும். புதுத்துணியாயினும் முதலில் கழுவிக் காயவிடுங்கள். தையல் யந்திரம் இல்லாதவர்கள் நூலோட்டத் தையலே போடலாம். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்து, நூலோட்டத் தையலாலேயே 'காந்தா' என்னும் போர்வைகளைத் தைத்திருக்கிறார்கள்.

இங்கே கொழும்பிலும் ஒரு கதை உண்டு. நல்லாயன் கன்னியர் வறிய பெண்களுக்குக் கைத்தறி பழக்கியபோது, அதற்கு நிறமும் வடிவமும் அமைத்துத் தரும்படி பார்பரா சன்சோனி என்ற ஓவியரை அழைத்தார்கள். அந்த வேலையிலிருந்தே 1964 இல் 'பெயார்பூட்' என்ற நிறுவனம் உருவானது. அவர் 2022 இல் காலமானார். காலி வீதியில் உள்ள அந்தக் கடையில் கைத்தறித் துணியாலான யானையும் முதலையும் இப்போதும் விற்பனைக்கு உண்டு. வாங்குகிற விலை எமக்குக் கட்டாது. பார்த்துவிட்டு வருவதற்குக் காசில்லை. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறத்தை வைத்திருக்கிறார்கள் என்று பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

வெளிச்சத்துக்கு ஒரு கூடு. பிள்ளைகள் இதைத்தான் மிகவும் விரும்பினார்கள். வெசாக் காலத்திலே களனி எங்கும் தொங்கும் 'அட்டபட்டம' என்ற கூட்டைக் கட்டுவதற்கு ஒரே அளவான 24 மூங்கிற் சிம்புகள் போதும். ஆறங்குல நீளம் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாலாகச் சேர்த்து ஆறு சதுரங்கள் கட்டுங்கள். பிறகு சதுரங்களை மூலைக்கு மூலை சேர்த்துக் கட்டினால் இடையிலே தாமாகவே எட்டு முக்கோணங்கள் வரும். நாம் கட்டிய முதற்கூடு ஒரு பக்கம் சரிந்து பூசணிக்காய் போல நின்றது. அடுத்த வீட்டுச் சிங்களப் பையன் வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்துக்கும் குறுக்காக இரண்டு நூல் இழுத்துக் கட்டிக் காட்டினான். பிறகு அசையவில்லை. தகப்பனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டிய கை அல்லவா! சிம்பு சீவுவதிலே அந்தப் பையனுக்கே அவர் சொல்லிக் கொடுத்தார். மெல்லிய வர்ணக் கடதாசியைப் பட்டத்துக்கு ஒட்டுவது போல நூலுக்கு மேலே மடித்து ஒட்டுங்கள். உள்ளே மெழுகுதிரியோ குப்பி விளக்கோ வேண்டவே வேண்டாம். சேலையும் பாயும் கடதாசியும் தொங்கும் ஒற்றை அறை அது. சிறிய பற்றரி விளக்குப் போதும். கூடு மட்டும் சுருட்டுப்படாது. வெளிக்கிடும் நாளில் கடதாசியைக் கிழித்து, நூலை வெட்டி, 24 சிம்பையும் பாய்க்குள்ளே வைத்துச் சுருட்டுங்கள். போகிற இடத்தில் மறுபடியும் கட்டலாம்.

இருக்கையும் மேசையும் அப்பிள் பெட்டிதான். பேலியகொடை மொத்தச் சந்தையிலும் பழக்கடைகளிலும் தடித்த மட்டைப் பெட்டிகள் கிடைக்கும். ஒன்றுக்குள் ஒன்றை விட்டு, உள்ளே பழைய பத்திரிகைகளை இறுக்கி அடைந்தால் எட்டு வயதுப் பிள்ளை இருந்து எழுதலாம். ஈரம் பட்டால் போய்விடும், அப்போது வேறு எடுக்கலாம்.

வெள்ளம் பற்றிய அறிவித்தல் வந்தால் செய்ய வேண்டியதையும் பிள்ளைக்கு முன்னதாகவே பழக்கி வையுங்கள். திரையை உருவு, பாயை அவிழ், படத்தை வெளிப்பக்கமாகச் சுற்று, உரப்பைக்குள்ளே விட்டு வாயைக் கட்டு, வளையிலே ஏற்று. களனிக் குடும்பத்திலே இதை ஒருநாள் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். பதினொரு நிமிடம் எடுத்தது. அதிலே நாலு நிமிடம் சின்னவன் உரப்பைக்குள் தானும் ஏறியதால் போனது.

சென்ற முறை நாம் அங்கு போனபோது சுவர் வெள்ளையாக இருந்தது. பாயிலே காணியின் படம் தொங்கியது. கிணற்றுக்குத் துலா வந்துவிட்டது. பஸ் மட்டும் இன்னும் கிணற்றடியிலேயே நின்றது. அங்கே ஒருநாளும் பஸ் வந்ததில்லை என்று அப்பம்மா பல தரம் சொல்லியும் அவள் கேட்கவில்லையாம். "பஸ் இல்லாமல் என்னண்டு அங்கை போறது?" என்று எம்மையும் கேட்டாள். தாய் இப்போது வேறொரு வழக்கிலே மாட்டிக்கொண்டிருக்கிறார். சின்னவனுக்கும் பாய் வேண்டுமாம். இன்னொரு பாய்க்கு அறையிலே இடமில்லை. ஆகவே பாயின் நடுவிலே சிவப்பு நூல் ஒன்றை மேலிருந்து கீழாக ஓடவிட்டு இடப்பக்கம் அவனுக்கு, வலப்பக்கம் அவளுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். பனைகள் மூன்று அவனுடைய பக்கத்துக்குப் போய்விட்டதாக அவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.